ரோட்டுக்குக் கீழே போன வீடு

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வருவாய் உதவியாளராக வந்தவள். ஊரில் எல்லா வீடுகளையும் டிரோன் பறக்கவிட்டு அளந்திருக்கிறார்களாம். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, வரி கட்டுகிற பரப்பைவிடப் பெரிதாக இருக்கும் வீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் போகிறதாம்.

"நீங்கல்லாம் டேப்பைத் தூக்கிட்டு ஊடு ஊடாப் போவீங்கன்னு சொல்றாங்க மேடம். உள்ள போய் அப்படி என்னதானுங்க அளந்தீங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்கு டிரோன் மேல் எந்தக் கோபமும் இல்லை. வெயிலில் அலைந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, இரண்டு முறை நாய்க்கடி ஊசியும் போட்டுக்கொண்டவள் நான். அந்தக் கஷ்டம் இல்லாமல் வேலை நடந்தால் சந்தோஷம்தான். ஆனால் மேலே இருந்து பார்த்தால் கூரைதான் தெரியும். தரை தெரியாது. அதை அவளுக்குப் போனில் புரிய வைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரம். வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் டிரில்லர். வருஷத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில்தான் இருப்பார். தேர்வு எழுதி, வரி வசூலிக்கும் பில் கலெக்டராக வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் தம்மம்பட்டிப் பக்கம் போட்டார்கள். நான் சொல்லுக்குச் சொல் 'ங்க' போடுவதைக் கேட்டு அங்கே பெண்கள் சிரிப்பார்கள். "ஏம்மா, வரி கேக்க வந்தியா, விருந்துக்குக் கூப்பிட வந்தியா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்துக்கொண்டே வரியையும் கட்டினாள். அங்கே சில வருஷம், வேறு இரண்டு ஊர்களில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, நாமக்கல் பக்கத்து நகராட்சி ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். விசைத்தறி ஓடுகிற ஊர். அதற்குமேல் அடையாளம் வேண்டாம்.

வீட்டு வரி போடுவது எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். வீட்டின் பரப்பு, தெரு, கட்டடத்தின் வயது, குடியிருக்கிறார்களா வியாபாரம் நடக்கிறதா, இவ்வளவையும் பார்த்தால் ஒரு தொகை வந்துவிடும். சிரமமான வேலை வேறு ஒன்று உண்டு. ஒரு தெருவுக்குப் புதிதாக ரோடும் சாக்கடையும் போடும்போது, செலவில் ஒரு பகுதியைத் தெருக்காரர்களே ஏற்க வேண்டும் என்று சில திட்டங்கள் வரும். அந்தப் பங்கை எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். மனசு நோகாமல் அதைப் பிரிக்க ஒரு வழியும் கிடையாது.

வீட்டுக்கு ஒரே மாதிரி என்று போட்டால், ஒற்றை அறையில் இருக்கிறவரும் பத்துத் தறி ஓட்டுகிறவரும் ஒரே தொகை கட்டுவார்கள். தெருவைப் பார்த்த முகப்பு எத்தனை அடி என்று அளந்து போட்டால், மூலை வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். சந்துக்குள் இருக்கிற வீட்டுக்கு முகப்பே இருக்காது. அதே ரோட்டில்தான் அவர்களும் நடப்பார்கள், பங்கு மட்டும் வராது. கட்டடப் பரப்பை வைத்துப் போடலாம் என்றால், புருஷன் போன பிறகு பெரிய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற அம்மாவுக்குத்தான் தெருவிலேயே அதிகமாக வரும்.

இதையெல்லாம் எங்கள் வருவாய் அலுவலர் தனபால் சாரோடு தெருத்தெருவாக நடந்துதான் கற்றுக்கொண்டேன். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் ஒரு பென்சில். ஆபீசில் எங்களையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் அந்த 'ங்க' இன்னும் அழுத்தமாக வரும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் உடனே அளக்க விடமாட்டார். முதலில், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். பங்களாவானாலும் சரி, தகரம் போட்ட வீடானாலும் சரி, எந்தத் தெருவானாலும் சரி, அந்த வீட்டுச் சொம்பில் கொடுத்த தண்ணீரை அங்கேயே நின்று குடிப்பார். எங்கள் பக்கத்தில் சில தெருக்களில் அதிகாரிகள் தண்ணீர் வாங்கிக் குடிப்பது வழக்கமில்லை. தங்கள் வீட்டுச் சொம்பை அவர் வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொன்னவர்கள் நிறையப் பேர். பதில் வாங்குவதற்காக அவர் குடிக்கவில்லை. தாகத்துக்குத்தான் குடித்தார்.

தண்ணீர் குடித்த பிறகு அவர் கேட்கும் முதல் கேள்வி, "மழ வந்தா இங்க தண்ணி எந்தப் பக்கமாப் போவுமுங்க?" என்பது. இரண்டாவது கேள்வி, "நீங்க எந்த வழியா வெளிய வருவீங்க?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் டேப்பை விரிக்கச் சொல்வார். அளவைப் பென்சிலால்தான் எழுதுவார். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்ட பிறகுதான் பேனா.

ஒரு மூலை வீட்டில் லாரி பாடி கட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர் எங்களை நிறுத்திவைத்துச் சண்டை போட்டார். "ரெண்டு பக்கமும் ரோடுங்கறதுக்காக ரெண்டு பங்கு கேக்கறீங்களே, எனக்கு ரெண்டு காலு தானுங்களே இருக்குது? நாலு காலா இருக்குது?" என்றார். தனபால் சார் சிரித்துவிட்டார். பக்கவாட்டுச் சுவர் நெடுக நடந்து பார்த்தார். அந்தப் பக்கம் வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை. வாசல் இருக்கிற பக்கத்தை முழுசாகவும் மற்றப் பக்கத்தைப் பாதியாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவு செய்தார். பிறகு எல்லா மூலை வீடுகளுக்கும் அதையே கடைப்பிடித்தோம். ஆணையரும் ஒத்துக்கொண்டார். திரும்பி வரும்போது சார் என்னிடம், "நாம ஊட்டை அளக்கறோம்னு நெனைக்கறோமுங்க. அந்த ஊட்டுக்கு இந்த ரோடு என்ன பண்ணுதுங்கறதைத்தான் அளக்கோணும்" என்றார்.

அந்தப் பேச்சின் முழு அர்த்தமும் எனக்குப் பாறைக்காட்டுத் தெருவில்தான் விளங்கியது.

பாறைக்காட்டுத் தெரு ஊரின் தெற்கு ஓரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் ஆடு மேய்த்த காடு, பிறகு மனை பிரித்து விற்றிருக்கிறார்கள். மேட்டுப் பக்கம் விசைத்தறிக் கூடங்கள், நடுவில் வீடுகள், பள்ளத்து முடிவில் ஓடை. மழை பெய்தால் சாக்கடையும் மழைத்தண்ணீரும் கலந்து தெருவோடு போகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஒரு வருஷம் காய்ச்சல் பரவி வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். அதன் பிறகு தெருக்காரர்களே மனு கொடுத்தார்கள். மூடிய சாக்கடையும் சிமெண்டு ரோடும் வேண்டும், எங்கள் பங்கை நாங்கள் தந்துவிடுகிறோம் என்று.

அந்த மனுவுக்காக அலைந்தவர் முத்துசாமி. மேட்டுப் பக்கத்தில் பெரிய தறிக்கூடம் வைத்திருந்தவர். சொந்தத் தறி போக, தெருவில் பல வீடுகளுக்கு அவர்தான் பாவு கொடுப்பார். அதாவது நெய்வதற்கான நூலை நீள உருளையில் சுற்றி அனுப்புவார். அவர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்து துணியாகக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வார்கள். முத்துசாமிக்குக் குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. ஆனால் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியில் ஆட்களை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவரும் அவர்தான்.

திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வார்டுக்குப் போய்விடும்.

நான் ஒரு வாரமாக அந்தத் தெருவை அளந்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு வீடுதான் பாக்கி. பள்ளத்து முடிவில் ஓடையை ஒட்டிய கடைசி வீடு. குழந்தைவேல் என்பவருடையது. முன்னறையில் இரண்டு தறி. அவரும் மனைவி சரசுவும் மாறி மாறி ஓட்டுவார்கள். கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரு பெண்குழந்தை.

நான் போகும்போதெல்லாம் கதவு சாத்தியிருக்கும். உள்ளே தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் விடாமல் கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது. தாழ்வான ஜன்னல் ஒன்று திறந்தது.

"அளக்க வேண்டாமுங்க" என்றார் குழந்தைவேல்.

"அளந்தாத்தானுங்களே உங்க பங்கு எவ்வளவுன்னு சொல்ல முடியும்? கொறைவாத்தான் வரும்."

"பங்குக்குச் சொல்லலீங்க. எனக்கு இந்த ரோடே வேண்டாம்." ஜன்னல் மூடிக்கொண்டது.

தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கஞ்சன் என்றார்கள். முத்துசாமி மேல் பொறாமை என்றார்கள். முத்துசாமி என்னை வழிமறித்து, "அந்த ஒருத்தனுக்காவ தெருவே சேத்துல நடக்கோணுமாங்க? ஏன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறான். இனி அவனுக்கு என்ர ஊட்டுப் பாவு கெடையாது, சொல்லிப்போடுங்க" என்றார். சும்மா சொல்லவில்லை. மறுவாரம் நான் அந்தப் பக்கம் போனபோது கடைசி வீட்டில் தறிச் சத்தம் இல்லை.

வீட்டுக்காரர் திறக்காவிட்டால் வெளியிலிருந்தே அளந்து எழுதலாம் என்று விதியில் இடம் இருந்தது. ஆட்சேபணை ஏற்கத்தக்கதல்ல என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அவர் கையெழுத்து இல்லாமலே ஆணையர் மேலிடத்தில் அனுமதி வாங்கிவிடுவார். ஆபீசில் அப்படித்தான் முடிக்கச் சொன்னார்கள். மறுநாள் போய் அப்படியே முடித்துவிடுவது என்று நானும் இருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ரேஷன் கடை வரிசையில் பின்னாலிருந்து யாரோ என் முந்தானையைத் தொட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

"நான் கடைசி ஊட்டு சரசுங்க்கா. நாளைக்கு நீங்க மட்டும் ஒருக்கா வாங்க. முன்னால வேண்டாம், பொடக்காளிப் பக்கமா வாங்க. அவரு வேற யாராச்சும் பாவு குடுப்பாங்களான்னு கேக்கக் குமாரபாளையம் போறாரு."

மறுநாள் வீட்டின் பின்பக்கமாகப் போய்ப் பொடக்காளிக் கதவைத் தட்டினேன். சரசு என்னைப் பின்வாசல் வழியாக முன்னறைக்குக் கூட்டிப்போய், உள்பக்கமிருந்து முன்கதவைத் திறந்து காட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். உள்ளே நின்ற என் முழங்கால் உயரத்துக்கு வெளியே ரோடு ஏறி நின்றது. அதாவது ரோட்டிலிருந்து இந்த வீட்டுக்குள் வர வேண்டுமானால் இறங்கித்தான் வர வேண்டும். வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேசிய எனக்கு அது தெரியவே இல்லை. அந்த ஜன்னல் ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"கட்டுனப்ப மூணு படி ஏறித்தாங்க்கா உள்ள வந்தோம். ஒவ்வொருக்காவும் பழைய ரோட்டு மேலயே தாரை ஊத்தி ஊத்தி ரோடு ஒசந்துருச்சு. படியெல்லாம் ரோட்டுக்கு உள்ள கெடக்குது. இப்ப எறங்கி வாரோம்" என்றாள்.

சுவரில் ஈரம் ஏறிய தடம் இருந்தது. தறிகளின் மோட்டார்களைக் கல்லடுக்கி உயர்த்தி வைத்திருந்தார்கள். மழை வலுத்தால் அதையும் கழற்றிப் பரணில் ஏற்றிவிடுவார்களாம். இப்போது பழைய ரோட்டின் மேலேயே சிமெண்டு ரோடும் வந்தால் தெருத் தண்ணீர் முழுக்க இந்தக் கதவுக்குத்தான் வரும்.

"இதைச் சொல்லியிருக்கலாமேம்மா? தெருவே அவரைத் தப்பா நெனைக்குதே?"

"சொன்னா என்ன சொல்லுவாங்கன்னு அவருக்குத் தெரியுமுங்க்கா. ஊட்டை ஒசத்திக் கட்டு, இல்லீன்னா வித்துப்போட்டுப் போன்னுவாங்க. ரெண்டுக்கும் எங்களால ஆகாது. அந்தப் பேச்சைக் கேக்கறதுக்குக் கஞ்சன்னு பேரு வாங்கறதே மேலுன்னு இருக்கறாரு."

நான் அளக்காமல் திரும்பினேன். தனபால் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பென்சிலை மேஜையில் வைத்தார். பிறகு, "ஒரு கொத்தனாரையும் டியூப்பையும் வரச் சொல்லுங்க. நம்ம பொறியாளரையும் கூட்டிக்கலாம்" என்றார்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி போன்ற நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மறுநாள் காலையில் நாங்கள் போனபோது குழந்தைவேல் வீட்டில் இருந்தார். குமாரபாளையத்தில் பாவு கிடைக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சரசு தலையைக் குனிந்துகொண்டாள்.

தனபால் சார் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி உள்ளே வந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். குடித்து முடித்துச் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்க செவுத்துல ஒரு கோடு போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

கொத்தனார் உள்ளே நீட்டிய டியூப்பின் முனையைக் குழந்தைவேலே வாங்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். வெளியே பொறியாளர், புது ரோடு எந்த உயரத்தில் வரும் என்று கையை வைத்துக் காட்ட, கொத்தனார் மறுமுனையை அங்கே பிடித்தார். உள்ளே தண்ணீர் ஆடி ஆடி நின்ற இடத்தில் நான் சாக்கட்டியால் குறித்தேன். அந்தக் குறியிலிருந்து மூன்று சுவரிலும் கோடு இழுத்தோம்.

பொறியாளர் கெட்டவர் இல்லை. ஒரே சமயத்தில் பல தெருக்களுக்கு மதிப்பீடு போட்டவர், ரோட்டின் நடுவில் மட்டும் உயரம் பார்த்து எழுதியிருந்தார். உள்ளே வந்து கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

தனபால் சார் தெருக்காரர்களைக் கூப்பிடச் சொன்னார். "ஆபீசுக்கு வேண்டாமுங்க. இங்கயே வரச் சொல்லுங்க" என்றார்.

உள்ளே இடம் கொண்ட மட்டும் வந்தார்கள், மற்றவர்கள் வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். முத்துசாமி கடைசியாக வந்தார். உயரமான ஆள், குனிந்து இறங்கினார். இறங்கிய வேகத்தில் கால் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் அந்த வீட்டுக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை. பாவு கொடுப்பதும் துணி வாங்குவதும் எல்லாம் வாசலோடுதான்.

"இந்தக் கோடு என்னன்னாங்க, நாம போடப்போற ரோடு" என்றார் சார்.

முத்துசாமி கோட்டோடு கண்ணை ஓட்டினார். கோடு இரண்டு மோட்டாருக்கும் மேலே போனது. கியாஸ் சிலிண்டரைத் தாண்டிப் போனது. மூலையில் விட்டத்தில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிலின் அடிப்பாகம் கோட்டுக்குக் கீழே தொங்கியது.

முத்துசாமி தொட்டிலிலிருந்து கண்ணை எடுத்து, "ஊட்டை ஒசத்திக் கட்டிக்க வேண்டியதுதானே?" என்றார். பெரிய குரல் அன்று பாதியாகத்தான் வந்தது.

"ஒரு தெருவுக்குப் பங்கு போடறோம்னா, அந்த ரோட்டுனால எல்லாத்துக்கும் ஏதோ ஒரு நல்லது வருதுங்கறதுக்காவத்தானுங்க போடறோம்" என்றார் தனபால் சார். "இந்த ஊட்டுக்கு என்ன நல்லது வருதுன்னு நீங்களே சொல்லுங்க. அதை நான் எழுதிக்கறேன்."

வாசலில் நின்ற ஒருவர், "அப்படீன்னா அவரு பங்கைத் தள்ளுபடி பண்ணிப்போடலாமுங்க. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார்.

அப்போதுதான் குழந்தைவேல் வாயைத் திறந்தார். "தள்ளுபடி பண்ணுனா தண்ணி உள்ள வராதுங்களா?"

பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு வழி இருக்கிறது என்றார். பழைய தார் அடுக்குகளை முழுக்கச் சுரண்டி எடுத்து, கீழேயும் கொஞ்சம் தோண்டி, ரோட்டைத் தாழ்த்திப் போடலாம். ஓடை இன்னும் பள்ளத்தில்தான் இருக்கிறது, தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் குடிதண்ணீர்க் குழாய்கள் மேலாகவே போகின்றன. தெரு முழுக்கத் தோண்டி அவற்றை இறக்கிப் பதிக்க வேண்டும். மேட்டுப் பக்கத்து வீடுகளின் படிகள் அந்தரத்தில் நிற்கும், மாற்றிக் கட்ட வேண்டும். முத்துசாமியின் தறிக்கூடத்துக்கு லாரி ஏறுகிற சாய்தளத்தை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும். செலவு கூடும், எல்லோர் பங்கும் கூடும்.

சளசளவென்று பேச்சு எழுந்தது. முத்துசாமி அதில் கலந்துகொள்ளவில்லை. மேலேறி வெளியே போனார். நடு ரோட்டில் நின்று தன் தறிக்கூடத்துப் பக்கம் பார்த்தார், பிறகு ஓடைப் பக்கம் பார்த்தார். வரவே மாட்டாரோ என்று நினைத்தேன். வாசலுக்குத் திரும்பி வந்து, உள்ளே குனிந்து பொறியாளரிடம் கேட்டார்:

"பைப்பை நோண்டுனா எத்தன நாளைக்குங்க தண்ணி வராது?"

சம்மதம் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. ஆனால் தெரு அதோடு அடங்கிவிட்டது. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது யார், யார் வீட்டுப் படியை முதலில் உடைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே முத்துசாமி ஆள் மூலம் பாவு அனுப்பினார் என்று சரசு பிறகு சொன்னாள். குழந்தைவேல் அதை உள்ளே எடுக்கவில்லை. இரண்டு நாள் அது வாசலிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் முத்துசாமி நேரில் வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு முனையைத் தூக்கியிருக்கிறார். இன்னொரு முனையைக் குழந்தைவேல் தூக்க வேண்டியதாகிவிட்டது. "ரெண்டு பேரும் தறியில ஏத்தி வெச்சாங்க்கா. ஒரு வார்த்தை பேசிக்கோணுமே! காப்பி வெச்சுக் குடுத்தேன். அதையும் பேசாமத்தான் குடிச்சாங்க" என்றாள்.

பிறகு பங்கு பிரிக்கும் வேலை. முகப்பு அடியை அடிப்படையாக வைத்தோம். மூலை வீடுகளின் பக்கவாட்டைப் பாதியாக எடுத்தோம். சந்து வீடுகளுக்கு, முகப்பு இல்லாவிட்டாலும் நடக்கிறார்கள் என்பதால், சிறிய வீட்டின் பங்கில் பாதி போட்டோம். லாரி வந்து போகிற தறிக்கூடங்களுக்கு, அவற்றின் பரப்பைப் பார்த்து, கொஞ்சம் கூட்டினோம். முத்துசாமி அதற்கு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். தன் மனையில் பின்பக்கத்துக் காலி இடத்தையும் சேர்த்துவிட்டீர்கள் என்றார். சார் நேரில் போய்ப் பார்த்தார், அது நியாயம்தான். அந்த அளவுக்குக் குறைத்தார். முத்துசாமி நன்றி சொல்லவில்லை. "மொதல்லயே பாத்து எழுதியிருக்கலாமுங்களே?" என்றார்.

கடைசி வீட்டுக்குப் பங்கு வேண்டாம் என்று தனபால் சார் பென்சிலால் எழுதியிருந்தார். இத்தனை வருஷம் ரோட்டினால் அவர்கள் பட்டது போதும் என்பது அவர் எண்ணம். ஆணையரிடம் அதற்கு வாதாடவும் தயாராக இருந்தார். அது குழந்தைவேல் காதுக்கு எப்படியோ போய்விட்டது. ஒருநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எங்கூட்டை மட்டும் அளக்காம உட்டுட்டீங்களாமா?"

"உங்களுக்கு வேண்டாம்னுதானுங்க விட்டிருக்கறோம்" என்றார் சார்.

"ரோட்டை எறக்கறதுக்குத் தெருவே சேந்து அவங்கவங்க ஊட்டுப் படியை ஒடைக்கறாங்க. நான் சும்மா வாங்கிக்கிட்டேன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரப்படாதுங்க. எனக்கும் பிள்ளை இருக்குது. அது இந்தத் தெருவுலதான் வெளையாடோணும்."

சார் என் பக்கம் திரும்பி, "போய் அளந்துட்டு வாங்க" என்றார்.

போனேன். முன்கதவு திறந்திருந்தது. தெருவைப் பார்த்த வீடுகளிலேயே மிகச் சிறிய பங்கு அந்த வீட்டுக்குத்தான் வந்தது. குழந்தைவேல் அதை முதல் ஆளாகக் கட்டினார்.

ரோடு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து அந்த வீட்டின் படிகள் வெளியே வந்தன. இரண்டு முழுசாக இருந்தன. மூன்றாவது உடைந்திருந்ததால் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். வேலை நடந்த நாளெல்லாம் தெருவில் புழுதி, தண்ணீர்ச் சண்டை, பொறியாளருக்குத் திட்டு. முத்துசாமியின் புதுச் சாய்தளம் முதலில் சரியாக அமையாமல் லாரியின் அடிப்பாகம் உரசியது. அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டுக் கத்தினார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஒருநாள் காலையில் பக்கத்துத் தெருவுக்கு ஒரு பெயர் மாற்ற மனுவை விசாரிக்கப் போனவள், அப்படியே பாறைக்காட்டுத் தெருவுக்குள்ளும் நடந்தேன். ரோடு கழுவிவிட்டது போல் இருந்தது. ஓடையில் செந்நிறத் தண்ணீர் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வீட்டுப் படியில் சரசு உட்கார்ந்து குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தறி ஓடியது.

"மழைக்கு உள்ள ஏதாச்சும் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி வெட்கத்தோடு பார்த்தாள். "முந்தியெல்லாம் தூறல் போட்டாலே ரெண்டு பேரும் எந்திரிச்சு உக்காந்துக்குவோமுங்க்கா. இப்ப மழை எப்ப பேஞ்சுதுன்னே தெரியலீங்க. தூங்கிட்டோம்."